கூடு விட்டுக் கூடு பாய்ந்த ஏற்காட்டு ஜிப்சி

(காட்சி: டிரைவர் சீட்டுக்கு அடியில், கிட்டத்தில்)

இது என் விரல். இதோ, எங்கள் மாருதி ஜிப்சி ஜீப்பின் தகரத்துக்குள் போய்விட்டது. துணியில் ஊசி இறங்குவதுபோல அத்தனை சுலபம்! கீழே ஏற்காட்டுச் செம்மண் தெரிகிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. உயிர் இருக்கிறது, உடம்புதான் போச்சு. அதனால் சேலத்தில் வெயிலில் காய்ந்து கிடந்த இன்னொரு ஜிப்சியின் பாடியை, அதாவது வெளிக்கூட்டை, வாங்கி மினி லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கொண்டுவந்தோம்.

பின்கதை சுருக்கமாக: 1985-ல் வந்த ஜிப்சிக்கு ஏணி மாதிரி தனி சேஸ், அதாவது அடிச்சட்டம். பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்த வேலை சாத்தியம்.

துருவுக்கு வண்டியைத் திட்ட வேண்டாம். மூடுபனியில் வெட்டவெளியில் நிறுத்தியது நாங்கள்தான். வீல் ஆர்ச்சில் ஒட்டிய சேறு ஈரத்தை விடவே விடாது. மலைக்குக் கீழே துருப்பிடிக்காத எஃகு செய்யும் உருக்காலை. மேலே அப்பளமாக நொறுங்கும் நம் வண்டி!

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். பாடி போல்ட். இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் அது உப்பிக்கொண்டு நட்டை இறுக்கிவிடும். நான் ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கினேன். டிங்கர் அண்ணன் சிரித்தார்: "தம்பி, முதல்ல கொஞ்சம் இறுக்கு, அப்புறம் தளர்த்து." துருவின் பிடி இறுக்கும்போதே உடைகிறதாம். இரண்டு போல்ட் வந்தன. மூன்றாவது அசையவில்லை. நட்டை கேஸ் தீயில் சுட்டு, சூட்டோடு ஒரு மெழுகுவர்த்தியை வைத்தார். மெழுகு உருகி, மரை வழியே தானாக உள்ளே இறங்கியது. அடுத்த நிமிடம் நட்டு கையால் சுழன்றது! நான் இதை மூன்று முறை ரீவைண்ட் செய்து பார்த்தேன், நீங்களும் பாருங்க. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப் பக்கம் மட்டும் தீ வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வயரிங். ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டுங்கள். கார்புரேட்டர் வண்டியின் வயரிங்கும் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியின் வயரிங்கும் ஒன்றல்ல. ஸ்டியரிங் ராடு, பெடல், டேஷ்போர்டு எல்லாம் அப்படியே மாறின. அரை நாள் வேலை.

பழைய பாடியை உடனே காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். திருமூலர் கதை தெரியும்தானே? மூலன் என்ற இடையன் உடம்புக்குள் புகுந்து மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், விட்டுவைத்த சொந்த உடம்பைக் காணோம். எங்களுக்கும் கடைசி நாளில் ஒரு கதவுக் கீல் தேவைப்பட்டது. பழைய பாடி வாசலிலேயே கிடந்ததால் தப்பித்தோம்.

ஆனால் சட்டத்துக்கு உயிர் என்ஜினில் இல்லை, சேஸ் நம்பரில். எங்கள் சேஸ் பழையதேதான், அதனால் அது அதே வண்டி. பச்சை வண்டி வெள்ளையானதை மட்டும் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

(காட்சி: முதல் ஓட்டம், அடிவாரம் நோக்கி)

இந்தச் சத்தம் கேட்கிறதா? டொக், டொக். இடது பக்கம். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே வைக்கும் ரப்பர்களில் எதை விட்டோம் என்று கண்டுபிடித்தவர்கள் கீழே எழுதுங்கள், நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.