சுவரில் இருக்க வேண்டிய பெயர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

உங்களில் வேலைக்குச் செல்பவர்கள், உங்கள் பணியிடத்தை ஒரு கணம் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டுகிறேன். நுழைவாயில், வருகைப் பதிவேடு உள்ள மேசை, குடிநீர்க் குழாய், சாப்பிடும் இடம், ஓய்வறைக்குச் செல்லும் வழி. இவற்றுள் எங்கேனும், பாலியல் துன்புறுத்தல் குறித்த புகாரைக் கேட்பவர்கள் இன்னின்னார் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அறிவிப்பு இருக்கிறதா? இருந்தால், அதிலுள்ள ஒரு பெயரையாவது உங்களால் இப்போது சொல்ல முடியுமா?

பல ஆண்டுகளாக, சில நிறுவனங்களில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில், நிறுவனத்தைச் சாராத வெளி உறுப்பினராக இருந்து வருகிறேன். புதிதாக ஓர் இடத்துக்குச் சென்றால், அங்குள்ள கோப்புகளைப் பார்க்கும் முன்பு இந்த அறிவிப்பைத்தான் தேடுவேன். ஒரு பெண், யாரிடமும் வாய் திறந்து கேட்காமல், யாரிடமும் அனுமதி பெறாமல், தான் யாரை அணுக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதே என் முதல் கேள்வி. இன்றைய உரையில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்பேன், பொறுத்தருள வேண்டும்.

இந்தக் குழுவை இன்றும் பலர் 'விசாகா கமிட்டி' என்றே அழைக்கிறார்கள். விசாகா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு; உண்மையில் அது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த மகளிர் அமைப்பு ஒன்றின் பெயர். அந்த வழக்குக்குக் காரணமாக இருந்தவர் பன்வாரி தேவி. ராஜஸ்தான் மாநிலத்தின் பட்டேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் 'சாதின்' என்னும் களப்பணியாளராக இருந்த அவர், 1992ஆம் ஆண்டில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழிவாங்கும் விதமாகக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் அளித்தார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரையும் விடுவித்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய சொந்த விருப்பமன்று, அவருடைய வேலை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வேலையைச் செய்ததற்காக ஒரு பெண் தாக்கப்பட்டால், அவரை வேலைக்கு வைத்தவருக்குப் பொறுப்பில்லையா என்பதுதான் மகளிர் அமைப்புகள் எழுப்பிய கேள்வி. 1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்து, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வரும்வரை பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளையும் வகுத்துத் தந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013 டிசம்பர் 9 முதல் அது நடைமுறையில் உள்ளது.

பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். கிளைகள் இருந்தால் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். குழுவின் தலைமை அலுவலர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும், ஒருவர் நிறுவனத்தைச் சாராத வெளி உறுப்பினராகவும் இருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சிக்கு வந்த மாணவி ஆகிய அனைவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் அனுப்பும் வேனும், வேலை நிமித்தமாகச் செல்லும் வெளியூரும் பணியிடமே. உடலைத் தொடுவது மட்டுமே துன்புறுத்தல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலியல் நோக்கமுள்ள பேச்சும், ஆபாசப் படத்தைக் காட்டுவதும், பாலியல் இணக்கத்தைக் கேட்பதும், அந்த வகையிலான வேறெந்த விரும்பத்தகாத சொல்லும் செயலும் சைகையும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. விளையாட்டாகச் சொன்னேன் என்பது இதற்குப் பதிலாகாது. அது அந்தப் பெண்ணால் விரும்பப்பட்டதா என்பதே கேள்வி.

இனி, நான் எப்போதும் சொல்லும் ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஏறத்தாழ 200 பெண்கள் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடத்துக்கு வெளி உறுப்பினராகப் பொறுப்பேற்றுச் சென்றிருந்தேன். மூன்று ஆண்டுகளாக ஒரு புகார்கூட வரவில்லை என்று நிர்வாகத்தார் பெருமையோடு சொன்னார்கள். அறிவிப்பு எங்கே என்று கேட்டேன். மேலாளரின் அறைக்கு அழைத்துச் சென்று, அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். அது ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதில் தலைமை அலுவலர் என்று குறிப்பிட்டிருந்த அம்மையார் அந்த நிறுவனத்தை விட்டு விலகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. புகார் கொடுக்க நினைக்கும் ஒரு தொழிலாளி, வேலையை நிறுத்திவிட்டு மேலாளரின் அறைக்குள் நுழைந்து, அவருடைய தலைக்கு மேலே பார்த்து, தனக்குத் தெரியாத மொழியில், அங்கே இல்லாத ஒருவருடைய பெயரைப் படிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதிய அறிவிப்பை எங்கே வைக்கலாம் என்று அந்தப் பெண்களிடமே கேட்டோம். பாதுகாவலர் நிற்கும் வாசலருகே வைக்கலாம் என்பது என் எண்ணமாக இருந்தது. அங்கே வேண்டாம் என்றார் வயதில் மூத்த ஒரு தொழிலாளி. "அங்கே நின்று நாங்கள் அதைப் படித்தால், எங்களை எல்லாரும் பார்ப்பார்களே அம்மா" என்றார். இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத ஒன்றை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆகவே பெண்களின் ஓய்வறைக்குள், கண்ணாடிக்குப் பக்கத்தில், தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் ஒன்றை ஒட்டினோம், ஏனெனில் அங்கே வடமாநிலங்களிலிருந்து வந்த பெண்களும் இருந்தார்கள். துன்புறுத்தினால் என்ன தண்டனை என்பதை ஆண்களும் படிக்க வேண்டும் என்பதற்காக வாசலில் இன்னொன்றும் ஒட்டினோம். குழுவை அமைத்த ஆணையையும் தண்டனை விவரத்தையும் கண்ணில் படும் இடத்தில் வைப்பதும், உறுப்பினர்களின் பெயரையும் தொடர்பு எண்ணையும் அறிவிப்பதும் சட்டம் விதித்துள்ள கடமைகள். நிர்வாகத்தார் விரும்பினால் செய்யும் உதவிகள் அல்ல.

ஐந்தாவது வாரத்தில் குழுவின் புதிய தலைமை அலுவலருக்கு ஒரு பெண் தொழிலாளியிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. விடுப்புக் கேட்டால், இரவில் தான் அனுப்பும் கைப்பேசிச் செய்திகளுக்குப் பதில் அனுப்பினால்தான் தருவேன் என்று ஒரு மேற்பார்வையாளர் சொல்லிவந்திருக்கிறார். ஏழு மாதங்களாக அந்தப் பெண் அதை வீட்டிலும் சொல்லவில்லை. நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், காலம் கடந்துவிட்டதே என்று அவர் பயந்தார். தொடர்ந்து நடக்கும் செயல்களில் கடைசி நிகழ்ச்சியிலிருந்துதான் அந்த மூன்று மாதம் கணக்கிடப்படும். கடைசிச் செய்தி எட்டு நாள்களுக்கு முன்புதான் வந்திருந்தது. அதையும் தாண்டி மேலும் மூன்று மாதம்வரை, காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து, காலநீட்டிப்பு வழங்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அவருக்குச் சரளமாக எழுதத் தெரியாது. புகாரை எழுத உதவுவதும் குழுவின் கடமை என்பதால், அவர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்துப் பெற்றோம்.

உடனே நிர்வாகம் முன்வைத்த யோசனை, அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்பது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பழகிய தோழிகளையும் கைவந்த வேலையையும் விட்டு அவர் போனால், அங்குள்ள மற்ற பெண்கள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்கள்? விசாரணைக் காலத்தில் இருவரில் யாரையும் இடம் மாற்றவோ, புகார் கொடுத்த பெண்ணுக்கு மூன்று மாதம்வரை கூடுதல் விடுப்பு அளிக்கவோ சட்டம் இடம் தருகிறது. இவை அந்தப் பெண் எழுத்தில் கேட்பதன்பேரில் செய்ய வேண்டியவை. அவரிடம் கேட்டோம். தான் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றார். மேற்பார்வையாளர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிடும் பொறுப்பும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. புகாரின் நகல் அவருக்கும் தரப்பட்டது, பதிலளிக்கப் பத்து வேலைநாள்களும் தரப்பட்டன, அவருடைய சாட்சிகளும் விசாரிக்கப்பட்டார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஒருதலையாக நடக்கும் குழு, புகார் கொடுத்த பெண்ணுக்கும் நன்மை செய்வதில்லை, ஏனெனில் அதன் முடிவு மேல்முறையீட்டில் நிற்காது. 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டிய விசாரணையை 60 நாள்களில் முடித்தோம். இன்னும் இரண்டு பெண்கள் தாமாகவே வந்து சாட்சி சொன்னார்கள். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டு நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

எல்லாம் முடிந்த பிறகு அந்த மேலாளர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "இந்த அறிவிப்பு ஒட்டும்வரை எங்களுக்குப் பிரச்சினையே இல்லை." அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தவரை பிரச்சினை இல்லைதான். புகார் ஏதும் இல்லாத மூன்று ஆண்டுகளில் ஏழு மாதம், அதே கூரையின் கீழ் ஒரு பெண் ஒவ்வோர் இரவும் கைப்பேசியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார் என்று அவரிடம் சொன்னேன். புகார் எண்ணிக்கை சுழியம் என்று காட்டும் நிறுவனத்தைப் பார்த்தால், இன்றுவரை நான் முதலில் கேட்பது அறிவிப்பு எங்கே என்றுதான்.

இப்போது பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நடந்ததை, தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர் ஆகியவற்றோடு அன்றன்றே எழுதி வையுங்கள். வந்த செய்திகளை, அருவருப்பாக இருந்தாலும், அழிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். புகாரை மெய்ப்பிக்க முடியாமல் போனால் தண்டிப்பார்களோ என்று பலர் அஞ்சுகிறார்கள். மெய்ப்பிக்க முடியாமல் போவது பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. சமரசம் என்பது நீங்கள் கேட்டால் மட்டுமே நடக்கலாம். அதிலும் பணம் கொடுத்து முடிப்பதற்கு இடமில்லை. புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதற்கும் தடை உண்டு.

மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி பற்றிப் பேசவும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். நேரம் இடம் தராது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களிலும், முதலாளியின் மீதே புகார் இருக்கும்போதும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும், மாவட்டந்தோறும் உள்ளூர் புகார்க் குழு உண்டு. உங்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அதன் விவரத்தைக் கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம். குழுவிடம் போவதால் காவல் நிலையத்துக்குப் போகும் உரிமை இல்லாமல் போய்விடாது; பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி இது குற்றம், காவல்துறையிடம் புகார் அளிக்க நிறுவனம் உங்களுக்கு உதவவும் வேண்டும். நாளைக் காலை வேலைக்குச் செல்லும்போது, அந்த அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

வணக்கம்.