எலும்பு வயசு வேற, பர்த் சர்டிபிகேட் வயசு வேற
(மும்பை மாதுங்காவுல பெற்றோர்கள் கூட்டத்துல ஒரு ரேடியாலஜிஸ்ட் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவ்ளோ பேர் வந்திருக்கீங்கன்னா ஒண்ணு குழந்தை உயரம் பத்தி கவலை, இல்லன்னா பையன் ஷிவாஜி பார்க்ல கிரிக்கெட் கோச்சிங் போறான். எலும்பு எந்த வயசு அளவுக்கு முதிர்ந்திருக்குன்னு, அதாவது எலும்பு வயசு, பாக்க ரெண்டுக்குமே ஒரே எக்ஸ்ரே தான், அதனால சேர்த்தே பேசிடறேன்.

இடது கை, விரல் நுனிலேந்து மணிக்கட்டு வரைக்கும், ஒரே ஒரு படம். ஏன் இடதுன்னா பெரும்பாலானவங்க வலது கைக்காரங்க, அடிபடறதும் அந்தக் கைல தான் ஜாஸ்தி, அதனால இடதுன்னு வழக்கமாயிடுச்சு. ரேடியேஷன் பயமே வேண்டாம், சும்மா வீட்ல உட்கார்ந்திருந்தாலே ஒரு நாள்ல இயற்கையா உடம்புல படறத விட இது கம்மி.

அதுல என்ன பாக்கறோம்? பிறந்த குழந்தை மணிக்கட்டுல எட்டு எலும்பு இருக்கணும், ஆனா எக்ஸ்ரேல பொதுவா ஒண்ணு கூட தெரியாது, எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. மூணு மாசம் வாக்குல ரெண்டு புள்ளி மாதிரி தெரியும், அப்புறம் ஒண்ணொண்ணா வரும், கடைசி எலும்பு வர எட்டு ஒம்போது வயசுக்கு மேல ஆயிடும். விரல் எலும்பு முனைல ஒரு கருப்பு கோடு இருக்கும் பாருங்க, அது தான் குரோத் பிளேட், அது மூடிட்டா அந்த எலும்பு அதுக்கு மேல நீளாது, எந்த பவுடரை பால்ல கலந்து குடுத்தாலும் சரி. அதை மூட வைக்கறது ஈஸ்ட்ரோஜன், ஆம்பளப் பசங்களுக்கும் அதே ஹார்மோன் தான், இது நிறைய பேருக்கு ஆச்சரியமா இருக்கும்.

இந்தப் படத்த நாங்க எதோட ஒப்பிடறோம்னா, குரூலிக்-பைல் அட்லஸ்னு வயசு வாரியா கை எக்ஸ்ரே படங்கள் இருக்கற ஒரு புத்தகம், 1950ல வந்தது, 1959ல ரெண்டாவது பதிப்பு. அதுல இருக்கறது அமெரிக்கால கிளீவ்லாண்ட்ல 1930கள்ல இருந்த வசதியான வீட்டுப் பசங்க கை. தாராவி பையன் கையயும் செம்பூர் பொண்ணு கையயும் இன்னிக்கும் அதோட வச்சு தான் பாக்கறோம்! டானர்-வைட்ஹவுஸ்னு இன்னொரு முறை, ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியா மார்க் போட்டு கூட்டறது. எதுல பாத்தாலும் பத்து வயசு வாக்குல நார்மல் குழந்தைகளுக்கே ஒரு வருஷம், ஒண்ணே முக்கா வருஷம் முன்னபின்ன இருக்கும். ரிப்போர்ட்ல எலும்பு வயசு எட்டரைன்னு பாத்துட்டு பத்து வயசுப் பையனோட அம்மா அழுதுட்டு வராங்க, பையனோட அப்பா காலேஜ் சேர்ந்தப்புறம் தான் வளர்ந்தாராம், இவனும் அதே வழி, லேட்டா வளருவான், அவ்ளோ தான். ஆனா ரொம்ப பின்தங்கி இருந்து வளர்ற வேகமும் குறைஞ்சிருந்தா தைராய்டு, குரோத் ஹார்மோன் பாத்தே ஆகணும்.

நான் உண்மைல பயப்படறது எதிர்பக்கம். ஏழு வயசுப் பொண்ணு கிளாஸ்லயே உயரம், பாட்டி திருஷ்டி சுத்திப் போடறாங்க, எல்லாருக்கும் சந்தோஷம். கைய எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா எலும்பு பத்து வயசு சொல்லுது. எட்டு வயசுக்கு முன்னாடியே மார்பு வளர ஆரம்பிச்சா (பையன்னா ஒம்போது வயசுக்கு முன்னாடி பருவ மாற்றம்னா) உடனே எண்டோகிரினாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர் கிட்ட போங்க, ஏன்னா இப்ப உயரமா தெரியற குழந்தை பிளேட் சீக்கிரம் மூடி கடைசில குட்டையா நின்னுடும், வேணும்னா பருவத்த தள்ளிப்போட ஊசி இருக்கு, நேரத்துல வந்தா தான் பலன். வயசுக்கு வந்தப்புறம் கூட்டிட்டு வந்தா நான் படத்த பாத்து என்ன சொல்றது?

இப்ப கிரிக்கெட். அண்டர் 16 பசங்களுக்கு பிசிசிஐ டானர்-வைட்ஹவுஸ் மூணாவது வெர்ஷன்ல தான் எலும்பு வயசு டெஸ்ட் பண்றாங்க. சர்டிபிகேட்ல வயசு குறைக்கறவங்க இருக்காங்க, மறுக்கல, ஆனா சீக்கிரம் முதிர்ந்த பையன் உண்மையான சர்டிபிகேட்டோட வந்தும் வெளிய நிக்க வாய்ப்பு இருக்கு, அவனப் பாத்து பொய்க்காரன்னு சொல்றது அநியாயம். கோர்ட்டுக்கு இது நல்லாவே தெரியும். 1982லயே ஜெயா மாலா வழக்குல சுப்ரீம் கோர்ட் எக்ஸ்ரே வச்சு சொல்ற வயசுல ரெண்டு பக்கமும் ரெண்டு வருஷம் தப்பு இருக்கலாம்னு சொல்லிடுச்சு, 2015 சிறார் நீதிச் சட்டம் 94வது பிரிவும் வயச முடிவு பண்ண முதல்ல ஸ்கூல் சர்டிபிகேட், அப்புறம் பர்த் சர்டிபிகேட், ரெண்டுமே இல்லன்னா தான் எலும்பு டெஸ்ட்னு சொல்லுது.

அதனால என் கிட்ட வந்தா பிறந்த தேதி, அம்மா அப்பா உயரம், ஸ்கூல்ல அளந்த பழைய உயரக் கணக்கு எல்லாம் எடுத்துட்டு வாங்க. முன்னாடி எடுத்த படமும் வேணும், வெறும் ரிப்போர்ட் பேப்பர் பத்தாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்லி டாக்டர தொல்லை பண்ணாதீங்க, அவ்ளோ சீக்கிரம் எதுவும் தெரியாது.