வாயால சொல்றான், எழுதச் சொன்னா எழுந்து போயிடறான்

அடுத்த கேள்வி ஒரு அம்மா கேட்டிருக்காங்க. படிக்கிறேன். “என் பையனுக்கு ஏழு வயசு. கதை சொல்லுடான்னா அரை மணி நேரம் அளப்பான். அதையே நோட்டுல எழுதுன்னா ரெண்டு வரி எழுதிட்டு பென்சில் சீவப் போயிடறான். இது சோம்பேறித்தனமா? எழுதினதுலயும் ஏகப்பட்ட பிழை. திருத்தணுமா, விட்டுடணுமா?”

பென்சில் சீவப் போறான் பாருங்க, பெரும்பாலும் அது சோம்பேறித்தனம் இல்லங்க. கை அசந்து போயிருக்கும். ‘எழுது’ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடறோம். அவன் பார்க்க வேண்டிய வேலையை எண்ணிப் பாருங்க. அடுத்து என்ன நடக்கும்னு யோசிக்கணும். அதை வாக்கியமா கோக்கணும். ‘ழ’வா ‘ள’வான்னு முடிவு பண்ணணும். ‘கொ’ன்னா முன்னாடி கொம்பு, பின்னாடி கால். இத்தனையும் கோடு தாண்டாம. ஒரு வரி முடியறதுக்குள்ள தலைக்குள்ள இருந்த யானை காட்டைத் தாண்டிப் போயிடும்.

அதனால கதையையும் கையெழுத்தையும் கொஞ்ச நாளைக்குப் பிரிச்சு வைங்க. அவன் சொல்லட்டும், நீங்க எழுதுங்க. பக்கத்துல உட்கார்ந்து, அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுதணும். சிகாகோவுல விவியன் பேலின்னு ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை பல வருஷம் இதைச் செஞ்சாங்க. குழந்தை சொல்லச் சொல்ல எழுதிக்குவாங்க, அப்புறம் மத்த பிள்ளைங்களோட சேர்ந்து அதை நடிக்க விடுவாங்க. வீட்டுலயும் நடிச்சுப் பாருங்க. கதையில எங்க ஓட்டை இருக்குன்னு நீங்க சொல்லவே வேண்டாம். “நான் இப்ப எங்க நிக்கணும்?”னு பூனையா நடிக்கிற பிள்ளையே கேட்டுடும்.

இதுல நானே வழுக்கி விழுந்திருக்கேன். ஒரு சின்னப் பொண்ணு சொன்னா: “பூனை செருப்புக்குள்ள தூங்குச்சு. செருப்பு நடந்து போயிடுச்சு.” நான் பெரிய புலவர் மாதிரி “பூனை காலணிக்குள் உறங்கியது”ன்னு எழுதி வாசிச்சுக் காட்டினேன். அவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தா. “இது வேற பூனை”ன்னுட்டுப் போயிட்டா.

அவன் வாயில வந்ததை அப்படியே எழுதுங்க. நம்ம மொழியில பேசறது ஒண்ணு, எழுதறது ஒண்ணு. ‘வந்துச்சு’ன்னு மனசுல ஓடற கதையை ‘வந்தது’ன்னு எழுதச் சொன்னா, அவன் ஒவ்வொரு வரியையும் நின்னு நின்னு மாத்தணும். அப்ப எழுத்துத் தமிழ் எப்ப வரும்னு கேப்பீங்க. அது காது வழியா வரும். தினமும் கதைப் புத்தகம் வாசிச்சுக் காட்டுங்க. கொஞ்ச நாள்ல அவனே நடுவுல “ராஜா கூறினார்”னு ஒண்ணை எடுத்து விடுவான். அடுத்த வரியில “ராஜா ஓடிட்டான்”னு வரும். சிரிச்சுடாதீங்க, வளர்ற இடம் அதுதான்.

சரி, பிழை. ‘பழம்’ங்கறதை ‘பளம்’னு எழுதினா, காதுல கேட்டதை எழுதியிருக்கான், ஒலிக்கு எழுத்துன்னு புரிஞ்சிருக்கு. அங்க சிவப்பு மையால சுழிச்சீங்கன்னா அடுத்த தடவை பழத்தையே விட்டுடுவான். பிழையில்லாம எழுதத் தெரிஞ்ச பத்துச் சொல்லுக்குள்ள கதை சுருங்கிடும். அதுக்காகத் திருத்தவே கூடாதுன்னு சொல்ற கட்சி இல்ல நான். கதை நேரத்துல வேண்டாம். மறுநாள் ஒரு சொல்லை மட்டும் எடுத்துச் சேர்ந்து பாருங்க, போதும்.

இன்னொண்ணு. வெறும் தாளைக் குடுத்து “கதை எழுது”ன்னா பெரியவங்களுக்கே கை ஓடாது. இத்தாலியில ஜான்னி ரொடாரின்னு ஒரு எழுத்தாளர், குழந்தைகளுக்காக எழுதி 1970ல ஆண்டர்சன் விருது வாங்கினவர். அவர் ஒரு வழி சொல்றார்: சம்பந்தமே இல்லாத ரெண்டு சொல்லை எடுத்துக்கோங்க. நாய், அலமாரி. தமிழ்ல இது இன்னும் சுகம், உருபை மாத்தினாலே கதை மாறுது. அலமாரிக்குள்ள நாய். நாயோட அலமாரி. அலமாரி மேல நாய். ‘நாயோட அலமாரி’ன்னதும் “அதுல என்ன வச்சிருக்கும்?”னு கேட்டுட்டு நீங்க வாயை மூடிக்கணும். அதுதான் கஷ்டம், நமக்கு. முடிஞ்சதும் “இதுல நீதி என்ன?”னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.

எப்ப அவன் கைக்குப் பென்சில் போகணும்? முழுக் கதையையும் நீங்க எழுதிட்டு கடைசி வரியை மட்டும் அவனுக்கு விடுங்க. அப்புறம் ரெண்டு வரி. அதுவும் முடியாதுன்னா தலைப்பு மட்டும். நான் பார்த்த வரைக்கும் நிறையப் பிள்ளைங்க, கேக்காமலே வந்து எழுதற சொல் ஒண்ணு இருக்கு: ‘முற்றும்’. கொட்டை எழுத்துல, கீழ ரெண்டு கோடு போட்டு.