இசைத்தட்டில் அடங்காத இசை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், நடைபாதையில் உட்கார்ந்து வாசித்தே உலகம் முழுக்கப் பெயர் வாங்கிவிட்ட ஒரு குழுவைப் பற்றி. குழுவின் பெயர் டூபா ஸ்கின்னி. 2009-இல் தொடங்கியது. வாசிப்பதோ 1920களிலும் முப்பதுகளிலும் வந்த ஜாஸ், ப்ளூஸ், ராக்டைம் என்ற இசைவகைகள். வேகமும் சூடும் குறையாத அந்தக் காலத்து வாசிப்பை ஹாட் ஜாஸ் என்பார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் பழைய சரக்கை இன்றைக்கு ஏன் மறுபடி வாசிக்க வேண்டும், அதுதான் இசைத்தட்டிலேயே இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இசைத்தட்டில் இருப்பது பாதிதான் என்பது என் கட்சி.

1923 ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். சிகாகோவில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் என்ற ஊருக்கு ஒலிப்பதிவுக்காக வருகிறது. ஜெனெட் கம்பெனியின் கூடம். மைக் கிடையாது. மின்சார ஒலிப்பதிவு புழக்கத்துக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பெரிய கூம்பு ஒன்றின் வாய்க்கு எதிரே எல்லாரும் நெருக்கி நின்று வாசிக்க வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். கார்னெட் என்பது ட்ரம்பெட் போன்ற ஒரு பித்தளை ஊதுவாத்தியம். அதில் இரண்டாவது ஆளாக வாசிக்க வந்திருந்தவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது வயது 21. அவருடைய ஊதல் மற்றவர்களை அமுக்கிவிட்டதால், அவரை மட்டும் தள்ளிப் பின்னால் நிற்க வைத்தார்கள். டிரம்ஸ் வாசித்த பேபி டாட்ஸின் பாடு இன்னும் கஷ்டம். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும். ஆகவே மரக்கட்டையைத் தட்டியே காலத்தை ஓட்டினார். போதாக்குறைக்குக் கூடத்தின் பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் மேல், 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். நடனக்கூடத்தில் ஆடுகிறவர்களின் உற்சாகத்தைப் பார்த்து நீண்டுகொண்டே போன பாட்டு, தட்டுக்காகக் குறுகியது. இன்று அந்தப் பதிவுகளைக் கேட்கும்போது ஜாஸின் தொடக்கத்தைக் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு இயந்திரத்தின் சக்திக்கு உட்பட்ட அளவைத்தான் கேட்கிறோம். தட்டிலேயே ஏறாதவர்களும் உண்டு. 1900 வாக்கில் நியூ ஆர்லியன்ஸையே கலக்கிய கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் வாசித்ததில் ஒரு பதிவுகூட நம் கைக்கு வரவில்லை. 1907-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், 1931-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

சரி, டூபா ஸ்கின்னிக்கு வருவோம். குழுவை நடத்துபவர் ஷே கோன் என்ற பெண். பாட்டனார் ஆல் கோன் பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர், தந்தை கிட்டார் கலைஞர். இவர் பியானோ படித்தவர், வயலினும் அக்கார்டியனும் வாசிப்பார். இந்தக் குழுவில் அவர் கையில் எடுத்தது கார்னெட். நாதஸ்வரம் எப்படித் திறந்தவெளிக்கான வாத்தியமோ, கார்னெட்டும் அப்படியே. ஒலிபெருக்கி இல்லாமல் தெருக்கோடி வரை எட்டும். டாட் பர்டிக் வாசிப்பது டூபா, அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம். பல வருஷம் இந்தக் குழுவின் குரலாக இருந்தவர் எரிகா லூயிஸ். அவர் பாடுவதில் அலட்டலே கிடையாது. அழுகையைக் குரலில் பூசாமல் சோகப் பாட்டைப் பாடத் தெரிந்தவர். அப்புறம் டிராம்போன், கிளாரினெட், பாஞ்சோ, கிட்டார்.

டிரம்ஸுக்குப் பதில் இவர்களிடம் இருப்பது வாஷ்போர்டு. துணி துவைக்கிற, அலை அலையாக மடிப்பு வைத்த தகரப் பலகை. விரல்களில் தையற்காரர் மாட்டுகிற உலோக விரலுறையை மாட்டிக்கொண்டு தேய்த்தும் தட்டியும் வாசிக்கிறார்கள். முன்பு டிரம்ஸ் வாங்க வசதியில்லாத கறுப்பினக் கலைஞர்கள் வீட்டுச் சாமானையே வாத்தியமாக்கிய பழக்கம் அது. நெருங்கிக் கேட்டால் ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு சின்ன முன்தள்ளல் இருக்கும். கால் தானாகத் தாளம் போடுவதற்கு அதுதான் காரணம்.

இந்த இசையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், மூன்று ஊதுவாத்தியங்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பேச்சுப் பேசுவதில். கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்ளும். கிளாரினெட் அதற்கு மேலே ஓடி ஓடிச் சுற்றும். டிராம்போன் கீழே வழுக்கிக்கொண்டு போய் ஒரு அடியை அடுத்த அடியோடு கோக்கும். டூபா ஒன்றாவது, மூன்றாவது தட்டில் ஊன்றும். பாஞ்சோ நான்கையும் தட்டும். யாரும் மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை, யாரும் மற்றவர் காலை மிதிப்பதும் இல்லை. ஷே கோன் நீளமாகத் தனி வாசிப்பு எடுத்துத் தன்னைக் காட்டிக்கொள்கிற ஆள் அல்ல. மெட்டை நிறுத்திவைத்து, மற்றவர்களுக்கு இடம் விட்டு, கடைசிச் சுற்றில் எல்லாரையும் சேர்த்து மேலே தூக்குகிறார். பழைய தட்டுகளில் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கேட்கும் அந்தக் குரல்களை இவர்கள் வாசிப்பில் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. பேபி டாட்ஸுக்கு அன்று கிடைக்காத இடம் இங்கே தாளத்துக்குக் கிடைத்திருக்கிறது.

பாட்டுத் தேர்வையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த நாலு பாட்டையே சுற்றிச் சுற்றி வாசிக்கிற குழுக்கள் நிறைய உண்டு. இவர்கள் அப்படியில்லை. ஜாபோ ஸ்மித் என்று ஒரு ட்ரம்பெட் கலைஞர். 1929-இல் அவர் பதிவு செய்த தட்டுகள் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சவால் விடுகிற தரம், ஆனால் விற்கவில்லை, மனிதரும் பல வருஷம் மறக்கப்பட்டார். அவருடைய மெட்டுகளையும், மெம்பிஸ் ஜக் பேண்ட் என்ற குழு, மெம்பிஸ் மின்னி என்ற பாடகி ஆகியோரின் பாட்டுகளையும் தேடி எடுத்து மறுபடி தெருவில் நடமாட விட்டிருக்கிறார்கள். ஷே கோன் அதே நடையில் புதிதாகவும் மெட்டமைக்கிறார். எது பழையது, எது புதியது என்று பிரித்துச் சொல்வது பல நேரம் கஷ்டம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இசை நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களுடையது. காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தட்டிய முரசிலிருந்து வந்தது. டூபா ஸ்கின்னியில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்த வெள்ளையர்கள். இந்தக் கூச்சம் அவர்களுக்கும் இருக்க வேண்டும், கேட்கிற நமக்கும் இருக்க வேண்டும். அதே ஊரில் கறுப்பினக் குழுக்களின் பித்தளை வாத்திய மரபு ஒருநாளும் அறுபடவில்லை. 1983-இல் தொடங்கிய ரீபர்த் பிராஸ் பேண்ட் இன்றும் வாசிக்கிறது. டூபா ஸ்கின்னி என்ற பெயரே, அந்த ஊர்த் தெருக்களில் வாசித்து 2004-இல் மறைந்த கறுப்பினக் கலைஞர் டூபா ஃபேட்ஸை நினைவூட்டுகிற பெயர். கடன் யாரிடம் பட்டது என்பதை மறக்காதவரை, இவர்கள் வாசிப்பதை நான் மனதார வரவேற்கிறேன்.

பழைய இசையை மறுபடி வாசிக்க வேறு வழியும் இருக்கிறது. நியூயார்க்கில் வின்ஸ் ஜோர்டானோ தம்முடைய நைட்ஹாக்ஸ் குழுவுக்காக 60,000-க்கும் மேற்பட்ட பழைய இசைக்குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். பெரிய நடனக்குழுக்களின் இசையை, ஸ்விங் என்ற நடன இசை உட்பட, ஏட்டில் எழுதியபடி துல்லியமாக எடுத்து வாசிக்கும் குழு அது. அந்த உழைப்புக்கு ஈடு கிடையாது. ஆனாலும் என் மனம் தெருவோர வாசிப்பின் பக்கம்தான் சாய்கிறது.

டூபா ஸ்கின்னி நியூ ஆர்லியன்ஸின் ராயல் தெருவில் வாசித்ததை வழிப்போக்கர்கள் எடுத்த காட்சிகள் இணையத்தில் ஏராளம். ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, முதல் தடவை டூபாவை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் தடவை கிளாரினெட். அதற்கப்புறம் முழுசாகக் கேளுங்கள். கையோடு ஜாபோ ஸ்மித்தின் 1929 பதிவு ஒன்றையும் தேடிக் கேட்டுவிடுங்கள். அந்த மனிதருக்கு இன்னும் நிறையக் காதுகள் சேர வேண்டியிருக்கிறது.

நன்றி. வணக்கம்.