கட்டைக் குரல்

(எங்கள் குடியிருப்பு நூலக அறையில் நடந்த மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

"நான் ரசித்த ஒரு கச்சேரி" என்று தலைப்புக் கொடுத்தார்கள். மார்கழி முடிந்த கையோடு கேட்டதால், மயிலாப்பூரிலோ தி.நகரிலோ கேட்ட கச்சேரியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்திருப்பது கொல்கத்தாவில், திறந்தவெளிப் புல்தரையில், பனியில் நனைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட, பாப் பாடகி உஷா உதுப் கச்சேரியை.

இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒரு ஜனவரி மாதம். என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். அவள் அலுவலகக் குடும்ப விழாவுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. அம்மாவும் எங்களோடு ஊரிலிருந்து வந்திருந்தாள். அப்போது அவளுக்கு 81 வயது. கர்நாடக சங்கீதம் தவிர வேறு எதையும் அவள் பாட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை. வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் போட்டு அழைத்துப்போனோம். "அரை மணி நேரம் உட்காருவேன், அப்புறம் கிளம்பிடணும்" என்பது ஒப்பந்தம்.

விளக்கு எரிந்தது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் உஷா உதுப் தெரிந்தார். அம்மா முதலில் சொன்னது பாட்டைப் பற்றி இல்லை. "அசல் காஞ்சிபுரம்டீ. கரையைப் பாரு, கோர்வை" என்றாள். அம்மா பிறந்தது காஞ்சிபுரத்துப் பக்கத்தில். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாவில் நூலை ஓட்டி, நெய்யும்போதே இரண்டையும் பிணைப்பதுதான் கோர்வை. கரைக்கான நாடாவை ஓட்ட நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். சின்ன வயதில் அந்தப் பக்கத்து ஆளாகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் அம்மாவுக்குத் தோழிகளாக இருந்தார்கள். அதனால் கோர்வைக் கரையை அவள் கண் தவறவிடாது.

தலை நிறையப் பூ. இரண்டு கையிலும் வளையல். நெற்றியில் பெரிய பொட்டு, அதில் வங்காள எழுத்தான 'க'. கொல்கத்தாவின் 'க' அது. காலில் மட்டும் செருப்புக்குப் பதிலாக, பட்டுக்கரைத் துணி வைத்துத் தைத்த ஷூ. எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமே!

இந்தப் புடவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1969இல் அவர் முதன்முதலில் பொதுமேடை ஏறியது நம் சென்னையில்தான். மவுண்ட் ரோடில் சபையர் தியேட்டர் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். புளூ டயமண்டில் ஒரு டிக்கெட் வாங்கினால் எந்நேரமும் உள்ளே போய் உட்காரலாம். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட் கிளப் இருந்தது. அங்கேதான் இருபத்தோரு வயது உஷா புடவை கட்டிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தார். கிளப்பில் பாடும் பெண் என்றால் கவுன் போட்டிருப்பாள் என்பதுதான் அன்றைய வழக்கம். இவர் வீட்டில் எப்படி இருந்தாரோ அப்படியே வந்து பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், இன்னும் ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார் கிளப் முதலாளி. அந்த ஒரு வாரம் இன்றும் முடியவில்லை.

அங்கிருந்து கல்கத்தா. பார்க் ஸ்ட்ரீட்டில் 'டிரிங்காஸ்' என்ற உணவகம். ஊருக்குப் பெயரே அப்போது கல்கத்தாதான். அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் பேண்டு வாத்தியமும் பாட்டும் இருந்த காலம். டிரிங்காஸில் பாடும்போது சந்தித்த ஜானி சாக்கோ உதுப்பைத்தான் பிற்பாடு திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை மலையாளி. பெண், பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அப்பாவின் பெயர் சாமி, போலீஸ் அதிகாரி. குடியேறிய ஊர் வங்காளம். பாடிய மொழிகளோ 15க்கு மேல்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் 'ஃபீவர்' பாடினார். பெகி லீ 1958இல் பாடிப் பிரபலமான ஆங்கிலப் பாட்டு. அதில் வாத்தியக் கூட்டமே கிடையாது. பாஸ் என்கிற அடிச்சுர வாத்தியம் ஒன்று, கொஞ்சம் தாளம், விரல் சொடுக்கு, அவ்வளவுதான். குரல் ஒளிந்துகொள்ள இடமில்லாத பாட்டு. அந்தக் குரல் பனிக்குள் இறங்கியபோது காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. எத்தனையோ முறை ரேடியோவிலும் டிவியிலும் கேட்ட குரல்தான். ஆனால் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடிக்குரல் பாதிதான் வரும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நேரில் கேட்க வேண்டிய குரல் என்று ஒன்று உண்டு. இது அது.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தேன். தமிழும் எடுப்பேன், பாட்டு டீச்சர் இல்லாத வருஷங்களில் பாட்டும் எடுப்பேன். உஷா உதுப்புக்குப் பள்ளியில் நடந்ததை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். பம்பாய் பைகுல்லாவில் கான்வென்ட் பள்ளி. இந்தக் குரல் பாட்டுக்குச் சரிப்படாது என்று இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். ஆனாலும் இந்தப் பெண்ணுக்குள் இசை இருக்கிறது என்று அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்கிறது. முக்கோணக் கம்பியும் கைத்தட்டுக் கட்டையும் கொடுத்துத் தாளம் போட வைத்தார். இதை முதலில் படித்தபோது "என்ன டீச்சர் அது" என்று கோபப்பட்டேன். அப்புறம் எனக்கே ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

ஆண்டு விழா. கடவுள் வாழ்த்துக்குப் பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆசை ஆசையாக வந்து நின்றாள். பாடச் சொன்னால் மற்ற ஒன்பது பேரும் ஒரு பக்கம், இவள் குரல் கீழே தனியாக ஒரு பக்கம். கட்டைக் குரல். "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். விழா அன்று மேடையில் முன்வரிசையில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு சத்தமும் இல்லாமல் வாயசைத்தாள்.

பாடுகிறவர் பிடித்துக்கொள்ளும் ஆதார சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; எண் குறைந்தால் சுருதி கீழே. பெண்கள் சாதாரணமாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள். நான் ஹார்மோனியத்தில் ஐந்து கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குச் சுருதி தெரியாமல் இல்லை. என் கட்டை அவளுக்குத் தோதாக இல்லை. கையை நாலு கட்டை கீழே தள்ளி வைத்திருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. சினிமாவில் அந்தக் காலத்தில் ஒலித்த பெண் குரல்கள் எல்லாம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. பெண் குரல் என்றால் இதுதான் என்று என் காது முடிவு கட்டியிருந்தது. இந்துஸ்தானியில் கங்குபாய் ஹங்கல் இருந்தார். டான்சில் சிகிச்சைக்குப் பிறகு ஆண் குரல் போல ஆகிவிட்ட குரலிலேயே மகா வித்வாம்சினியாகப் பாடினார். அதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்.

உஷாவுக்கு வேறு கதவுகள் திறந்தன. ஒன்பது வயதில் வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி மூலம் இலங்கை வானொலியில், ஓவல்டின் மியூசிக் ஹவர் நிகழ்ச்சியில் பாடினார். அக்காக்கள் ஏற்கெனவே பாடுகிறவர்கள். என் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

மேடைக்குத் திரும்பலாம். ஒரு விஷயத்தை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வேகமான பாட்டு முடிந்ததும் அவர் பேசுவார். நிறையப் பேசுவார். முதல் வரிசையில் யாரைப் பார்த்தாலும் ஏதாவது கேட்பார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா என்பார். முதலில் இது பழக்கம் என்று நினைத்தேன். நாலாவது பாட்டுக்குப் பிறகு புரிந்தது, அந்தப் பேச்சுக்குள்தான் அவர் மூச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். இளம் பாடகர்கள் மூச்சு வாங்க பேண்டுக்காரர்களிடம் விட்டுவிட்டு ஓரமாகப் போவார்கள். இவர் அந்த இடைவெளியை நமக்குக் கொடுத்துவிடுகிறார். கல்யாண வீட்டில் வயதான பெரியம்மா ஒருத்தர் பந்திக்குப் பந்தி வந்து "பாயசம் வந்துதா? அந்தப் பக்கம் யாருக்கு ரசம் வேணும்?" என்று கேட்டுக்கொண்டே நடப்பாரே, அந்த நடை. முட்டி வலிக்கும், ஆனால் நிற்க மாட்டார்.

வயதான பாடகரை நேரில் பார்க்கப் போகாதே, மனசில் இருக்கிறது கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. இளமையில் உச்ச ஸ்தாயியில் பறந்த குரல்கள் எழுபதில் அந்தக் கிளையைத் தொட முடியாமல் தவிப்பதைக் கேட்டிருக்கிறேன். உடனே எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும். உஷா உதுப் விஷயத்தில் அது நடக்கவில்லை. கிளையில் கட்டாத கூடு, காற்றில் விழாது. தரையில் நின்று பாடிய குரல் தரையிலேயே நிற்கிறது. கொஞ்சம் சொரசொரப்பு கூடியிருக்கிறது, பழைய மரத்தின் பட்டை மாதிரி.

கென்யாவில் பாடிப் பழகிய சுவாஹிலிப் பாட்டு 'மலைக்கா' வந்தது. 'டிஸ்கோ டான்சர்' படத்துப் பாட்டு வந்தது. அதற்கு என் மகளின் அலுவலகமே எழுந்து ஆடியது. மேலதிகாரிகளும்தான். அப்புறம் வங்காளத்தில் கொல்கத்தாவைப் பற்றி ஒரு பாட்டு. அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வார்த்தையையும் கூடவே பாடினார்கள். 80களின் தொடக்கத்தில் இதே ஊரில், இவர் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று சொல்லி அரசு அரங்குகளில் பாட விடாமல் தடுத்தார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நினைத்தார்களோ தெரியாது. அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். அதே புடவை, அதே பொட்டு, அதே குரல். ஊரை விட்டுப் போகவில்லை. அந்த ஊரின் எழுத்தை நெற்றியில் வைத்துக்கொண்டார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எந்தெந்த ஊர்க்காரர்கள் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் இருந்த மூலையிலிருந்து "சென்னை" என்று என் மகள் கத்தினாள். அவ்வளவுதான், தமிழுக்கு மாறிவிட்டார். 'அஞ்சலி' படத்தில் இளையராஜா இசையில் அவர் பாடிய 'வேகம் வேகம்' பாட்டிலிருந்து சில வரிகள். 1990இல் வந்த பாட்டு. என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு பள்ளிக்கூட வராண்டாவில் ஓடியது கண் முன்னால் வந்தது. கைத்தட்டச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அம்மா தட்டிக்கொண்டிருந்தாள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தட்டினாள். ஆதி தாளம் போடுகிற கை, விரல் எண்ணாமல் வெறுமனே தட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அரை மணி நேர ஒப்பந்தத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை. முழுக் கச்சேரியும் இருந்தோம்.

வாசலில் மஞ்சள் டாக்சி கிடைத்தது. வண்டி நகர்ந்ததும் அம்மா கேட்டாள், "அந்தம்மாவுக்குச் சின்ன வயசிலேயே இந்தக் குரல்தானா?" ஆமாம், அதனால்தான் பாட்டு கிளாஸிலிருந்து வெளியே அனுப்பினார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: பன்னிரண்டு வயதில் நவராத்திரிக்கு ஒரு வீட்டில் கொலு பார்க்கப் போனபோது பாடச் சொன்னார்களாம். பாடினாளாம். "ஏன்டீ, யாரோ ஆம்பளை பாடறானோன்னு பார்த்தேன்" என்று ஒரு மாமி சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம்.

எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் வீட்டுக் கொலுவில் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. வருகிறவர்களைப் பாடச் சொல்லிவிட்டு, சுண்டல் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விடுவாள். இத்தனை ராகம் தெரிந்தவள், இத்தனை கீர்த்தனை மனப்பாடமாக இருப்பவள், ஏன் பாடுவதில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஹவுரா பாலத்தின் விளக்குகள் பனியில் மங்கலாகத் தெரிந்தபோது பக்கத்தில் ஏதோ முனகல் கேட்டது. கல்யாண ஊஞ்சல் பாட்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து ஆட்டும்போது பாடுகிற பாட்டு. ரொம்பக் கீழே, இரண்டு கட்டை இருக்கும். சுருதி அப்படியே நின்றது. டாக்சிக்காரர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, ரேடியோவைக் குறைத்தார்.