முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதலாமா?

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுத்தில் வேண்டும் என்று பலர் கேட்டதால் பேசியபடியே தருகிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, காவல் நிலையத்திலிருந்து வந்திருக்கும் உதவி ஆய்வாளர் தம்பி அவர்களே, இந்த வெயிலிலும் பந்தல் நிறைய வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மருத்துவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் நாடி பிடிப்பதற்கு முன்னால் முகத்தைத்தான் பார்ப்பார். "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்பார், அதிலேயே பாதி நோய் இறங்கிவிடும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பேரூராட்சித் தலைவர் அம்மா, இந்த நூலகத்தின் கூரை ஒழுகியபோது நேரில் வந்து பார்த்து ஓடு மாற்றிக் கொடுத்தவர். புலவர் ஐயா சொல்லிக்கொடுத்ததில் ஒன்று எனக்கு வாழ்நாள் முழுக்கத் துணையாக இருக்கிறது: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது, அவர் சொல்வது நிஜமா பொய்யா என்று உடம்பைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முதலில் முகம். இதில் நம் மக்கள் எப்போதோ தேறியவர்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் எண்ணி வைத்துவிட்டார்கள். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பில் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார். "அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்" என்கிறார். ஐரோப்பாவில் டார்வின் 1872இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்குப் பத்து ஆண்டு முன்பே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், மனசாரச் சிரிக்கும்போது வாயோடு சேர்ந்து கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், ஒப்புக்குச் சிரித்தால் வாய் மட்டும்தான் விரியும் என்று எழுதி வைத்தார். வீட்டுக்குப் போய் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் அமெரிக்க உளவியல் அறிஞர் பால் எக்மன் 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினி மலைக்குள் போய், வெளியுலகத்தோடு அதிகம் பழகாத ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டிப் பார்த்தார்; கோபம், சோகம், மகிழ்ச்சியை அவர்களும் அடையாளம் காட்டினார்கள்.

ஆகவே முகம் உணர்ச்சியைச் சொல்லும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் முகம் உணர்ச்சியைத்தான் சொல்லும், அதற்கான காரணத்தைச் சொல்லாது. பயம் தெரிகிறது, சரி. மாட்டிக்கொள்வோமோ என்ற பயமா, நாம் சொல்வதை இவர்கள் நம்பமாட்டார்களோ என்ற பயமா? இரண்டுக்கும் வியர்வை ஒன்றுதான். எக்மனே இந்தத் தவறைப் பற்றி எச்சரித்திருக்கிறார்.

இதை விளக்க எங்கள் ஊர்ப்பக்கம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா ஒரு ரைஸ் மில்லில் எடை போடும் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கப்பிள்ளை மேஜை டிராயரைத் திறந்தால், மறுநாள் கொடுக்க வேண்டிய வாரக்கூலிப் பணம் மொத்தமும் காணோம். முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து மந்திரிக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் பச்சரிசியில் மஞ்சளைக் கலந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார். மென்று வாழையிலையில் துப்ப வேண்டும்; யாருடைய அரிசி ஈரமில்லாமல் உதிரியாக விழுகிறதோ அவர்தான் திருடர். களத்தில் நெல் துழாவுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், அவிக்கிறவர்கள், என் அப்பா உட்பட எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதலில் துப்பியவர் மேஸ்திரி. எந்நேரமும் வெற்றிலை போடுகிற வாய், சிவப்பாகக் கொழகொழவென்று வந்து விழுந்தது. "நல்ல மனுஷன்" என்றார் மந்திரிக்கிறவர். ஒவ்வொருவராக முடிந்து, கடைசியில் களத்தில் வேலை பார்த்த ஒரு பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மென்றாள், மென்றாள், துப்பினாள். மஞ்சள் அரிசி மாவாகக்கூட ஆகாமல் அப்படியே இலையில் உதிர்ந்தது. அவ்வளவுதான். முடியைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே நின்றாள். "பார், கண்ணைப் பார்க்க மாட்டேங்கிறா" என்றார்கள்.

சத்தம் கேட்டு முதலாளியின் தாயார் வெளியே வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "டிராயர் பூட்டு உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை. "சாவி யார்கிட்ட இருந்துச்சு?" கணக்கப்பிள்ளையிடம். "நடுவுல யாருக்காவது கொடுத்தியா?" மத்தியானம் கோணி ஊசி எடுக்க மேஸ்திரி வாங்கினார். "எதுக்குடா ஊசி?" சாக்கு தைக்க. "இன்னிக்கு எந்தச் சாக்கைத் தைச்ச?" அங்கே நின்றுபோனது பேச்சு. அன்றைக்குக் காலையிலிருந்து மில்லில் கரண்டே இல்லை, ஒரு மூட்டை அரிசி அரைபடவில்லை, தைக்கச் சாக்கு எங்கிருந்து வரும்? மேஸ்திரியின் சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து பணம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அன்று வெள்ளிக்கிழமை விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, வாய் எப்படி ஈரமாக இருக்கும்? ஒருவர்கூட அவளிடம் அதைக் கேட்கவில்லை. முதலாளி மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பியும் அவள் அந்தக் களத்துப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று புலவர் ஐயா வகுப்பில் சொன்னபோது எனக்கு அந்த வாழையிலைதான் கண்முன் வந்தது.

மந்திர அரிசி பார்த்தது எதை? பயந்தால் எச்சில் வற்றும் என்பதை. 1921இல் அமெரிக்காவில் வந்த பொய் கண்டறியும் கருவி பார்ப்பது எதை? பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மாறும் என்பதை. வியர்வையையும் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். கருவிக்கும் தெரிவது பதற்றம் மட்டும்தான். சாந்தமாகப் பொய் சொல்கிறவர் தப்பிப்பார், பதறிக்கொண்டு உண்மை சொல்கிறவர் மாட்டுவார். நம் உச்ச நீதிமன்றமும் 2010 மே மாதம் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் யாரையும் இந்தக் கருவியில் உட்காரவைக்கவோ, அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ ஊசி போடவோ, மூளையின் மின்னலைகளைப் பதிந்து சோதிக்கும் மூளை வரைபடம் எடுக்கவோ கூடாது என்று தீர்ப்பளித்தது.

கருவியே வேண்டாம், அனுபவசாலி பார்த்தாலே சொல்லிவிடுவார் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சார்லஸ் பாண்ட், பெல்லா டெபாலோ என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 24,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் முடிவு சொன்னார்கள்: எது பொய், எது மெய் என்று பார்த்துச் சொன்னதில் சரியாக வந்தது 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இதே தொழிலாக இருப்பவர்களும் மற்றவர்களைவிடத் தேறவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் நடத்தையைப் பார்த்தே ஆபத்தானவரைப் பிடிக்க 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவழித்தார்கள். அது பலன் தருகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று அவர்களுடைய அரசுத் தணிக்கை அமைப்பே 2013இல் எழுதிவிட்டது.

பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்பது உலகம் முழுக்கப் பரவிய நம்பிக்கை, பல நாடுகளில் கேட்டுப் பார்த்தும் அதே பதில்தான் முதலில் வந்தது. நம் ஊரில் அது எவ்வளவு அபாயம் பாருங்கள். பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்தி, கையைக் கட்டி நிற்கச் சொல்லித்தானே பிள்ளையை வளர்க்கிறோம்? நீதிமன்றக் கூண்டில் முதல் தடவை ஏறும் கூலித் தொழிலாளி, அந்த மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசுவதை நான் என் வழக்கறிஞர் வாழ்க்கையில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவர் பொய் சொல்கிறார் என்று எதை வைத்து முடிவு கட்டுவது?

சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன், புலவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கோவலனைக் கொல்லப் போன காவலர்கள் அவன் தோற்றத்தைப் பார்த்துவிட்டு "கொலைப்படு மகன் அலன்" என்றே சொன்னார்கள். அவர்கள் கணிப்பு சரிதான்! ஆனால் பொற்கொல்லன் சிரித்துவிட்டு, களவு நூல் என்ன சொல்கிறது தெரியுமா என்று நீட்டி முழக்கினான். ஒருவர் தோற்றத்தைச் சொல்கிறார், இன்னொருவர் சாத்திரத்தைச் சொல்கிறார், விசாரணை என்ற ஒன்று நடக்கவே இல்லை. நடுவில் குடிகாரன் ஒருவன் வாளை வீசினான். பிறகு கண்ணகி எப்படி வென்றாள்? அழுத முகத்தைக் காட்டி வெல்லவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசியின் பரல் முத்து, உடைத்துக் காட்டினாள். அது சாட்சியம். தீர விசாரிப்பதே மெய் என்பது அதுதான்.

இப்போது நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் விஷயம். 2020 டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைக்கச் சொன்னது. வாசல், வராந்தா, லாக்கப், ஆய்வாளர் அறை, பின்கட்டு எதுவும் விடுபடக் கூடாது. இருட்டிலும் படம் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று தமிழில் எழுதி மாட்ட வேண்டும். இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால், 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணவில்லை என்ற புகாரில் கோயில் காவலாளி அஜித்குமார் மேல் சந்தேகம் விழுந்தது, போலீஸ் விசாரணையிலேயே அவர் உயிர் போனது, வழக்கு சிபிஐ வரை போனது. சந்தேகம் யார் மேலும் விழலாம். விழுந்த பிறகு அவரை எங்கே வைத்து, என்ன கேள்வி கேட்டு, எப்படி நடத்தினார்கள் என்று பதிவு வேண்டும். விசாரணை என்பது காவல் நிலையத்துக்கு உள்ளே, கேமராவுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும்.

உதவி ஆய்வாளர் தம்பி முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு என் நன்றி. நேர்மையாக வேலை செய்யும் போலீஸ்காரர் மேல் வீண்பழி வந்தால், முதலில் அவரைக் காப்பாற்றப்போவதும் அந்தக் கேமராதான். அவர் மேலதிகாரிகளிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார், நன்றியுரைக்கு ஆள் காத்திருக்கிறார், பேரூராட்சித் தலைவர் அம்மாவுக்கும் அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது. வாசல் பக்க மேஜையில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று தகவல் உரிமைச் சட்ட மனு: நம் ஊர் நிலையத்தில் எத்தனை கேமரா, எத்தனை ஓடுகிறது, ஒலி பதிவாகிறதா, எத்தனை மாதப் பதிவு கையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறோம். மற்றது, இந்தக் கேமராக்களைக் கவனிக்க வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு ஊர் சார்பில் எழுதிய கடிதம். மருத்துவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றவர்கள் காபி குடித்துவிட்டு வரிசையாக வாருங்கள், பேனா அங்கேயே கட்டித் தொங்குகிறது. வணக்கம்.