இரண்டாவது பாக்கெட்

அவையோருக்கு வணக்கம். இந்த வாசகசாலைக்காரர்கள் பேச அழைத்தபோது தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கொழிஞ்சாம்பாறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மளிகைக்கடை நடத்தியவனுக்குக் கம்ப ராமாயணமா பேச வரும்? ஓணம் நெருங்குகிறது. பாலக்காட்டுப் பக்கம் போனால் மலையாளத்தில், வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போனால் தமிழில், கடை வாசலில் அதே வாசகம்: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

போன மாதம் நானே அதில் விழுந்தேன். வீட்டில் இருப்பது நானும் மனைவியும். ஒரு ரொட்டிப் பாக்கெட் தீரவே நான்கு நாள் ஆகும். இரண்டு தூக்கி வந்தேன். ஐந்தாம் நாள் இரண்டாவதைப் பிரித்தால் பச்சைப் பூசணம். மாட்டுக்கும் போட முடியவில்லை. "கடைக்காரருக்கே கடையில் ஏமாற்றம்" என்று மனைவி சிரித்தார். இரண்டு நாள் சிரித்தார்.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. கடை நடத்திய காலத்தில் மொத்த வியாபாரியின் ஆள் வருவார். "பத்துப் பெட்டி பிஸ்கட் எடுங்கள், பதினொன்றாவது சும்மா" என்பார். ஆசைப்பட்டு எடுப்பேன். அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் தேதியைப் பார்ப்பேன். ஆறு வாரம்கூட மிச்சம் இருக்காது. அவர்கள் கிடங்கு காலியானது, என் கிடங்கு நிறைந்தது. அவர்கள் கணக்கில் விற்பனை, என் கணக்கில் எலி. அன்று என்னிடம் தள்ளியதை இன்று பெரிய கடைகள் உங்களிடம் தள்ளுகின்றன. உங்கள் குளிர்சாதனப் பெட்டி அவர்களின் கிடங்கு. அதற்குக் கரண்ட் கட்டணம் கட்டுவது நீங்கள்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் வீடுகளின் பங்கு 60 விழுக்காடு, உணவகங்களின் பங்கு 28, கடைகளின் பங்கு 12. தோலும் எலும்பும் சேர்த்த கணக்குத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு இந்தப் பன்னிரண்டைக் காட்டிப் பெருமைப்பட வசதியாக இருக்கிறது. பூசணம் பிடித்த என் ரொட்டி அந்தப் பன்னிரண்டில் வராது. அது அறுபதில் சேர்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் இது பெரிய பேச்சானது. 2013-இல் டெஸ்கோ என்ற பெரிய நிறுவனம் தன் சரக்கையே ஆராய்ந்து, பையில் அடைத்து விற்கும், சமைக்காமல் சாப்பிடும் சாலட் கீரையில் 68 விழுக்காடு வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் எங்காவது வீணாகிறது என்று ஒப்புக்கொண்டது. பெரிய கீரைப் பைகளுக்கு இருந்த இந்த வகைச் சலுகையையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்றும் இத்தகைய சலுகைகளைக் கண்டித்தது.

அப்படியானால் மொத்தமாக வாங்குவதே குற்றமா? அங்கேதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். சாயங்காலச் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்து, "ரெண்டு கூறு எடுத்துக்கோ தாயி, விலையைக் குறைச்சுத் தாரேன்" என்பார்களே, அதுவும் இதே சலுகைதான். ஆனால் வாங்குகிற அம்மாவுக்குத் தக்காளி கனிந்துவிட்டது கண்ணுக்குத் தெரியும். அன்றிரவே தொக்கு கிண்டிவிடுவார். அவர் வாங்காவிட்டால் மறுநாள் அது குப்பைக்குத்தான் போகும். ஆகவே அந்தக் கூறு வீணாவதைத் தடுக்கிறது. என் தாயார் இரண்டு கூடை மாங்காய் மலிவாகக் கிடைத்தால் வற்றல் போட முறத்தைத் தேடுவார். இன்று வற்றல் காயவைக்க மொட்டைமாடியும் இல்லை, பொழுதும் இல்லை. சலுகை மட்டும் இருக்கிறது.

கொசுறும் அப்படித்தான். காய்க்காரர் ஒரு பிடி கறிவேப்பிலையைப் பையில் போடுவார். அன்றைய குழம்புக்கு அது சரியாக இருக்கும். நம் வீட்டில் எத்தனை பேர் என்பது அவருக்குத் தெரியும். கணினி அச்சிட்ட அட்டைக்கு அது தெரியாது.

அரிசி, பருப்பு, சோப்பு என்றால் இரண்டல்ல, நான்கு வாங்குங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். தயிர், ரொட்டி, கீரை, நறுக்கிப் பொதிந்த காய்கறி, இவற்றில்தான் வம்பு.

பிரான்ஸில் 2019 முதல் உணவுப்பொருளுக்கு 34 விழுக்காட்டுக்கு மேல் சலுகை கூடாது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போய், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று சுருங்கியது. அந்தச் சட்டம் விவசாயிக்கு நியாய விலை கிடைக்க வந்தது. எருத்தேன்பதியிலும் வடகரப்பதியிலும் தக்காளி போடுகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். இலவசத்தின் விலை யார் தலையில் விடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்கோ 2009-இல் இன்னொன்றையும் அறிவித்தது: இலவசப் பாக்கெட்டை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. அதைவிட எளிய வழி எனக்குத் தோன்றியது. ரொட்டி வாங்கிய அந்தக் கடையின் பொறுப்பாளர் தம்பியிடமே கேட்டேன். "இரண்டு எதற்கு? ஒன்றையே அரை விலைக்குக் கொடுங்களேன். உங்களுக்கும் அதே கணக்குத்தானே?"

தம்பி நல்ல பையன், ஒளிக்காமல் சொன்னான்: "அப்படிக் கொடுத்தால் இரண்டாவதை யார் தலையில் கட்டுவது ஐயா?"